மூன்று டிரம், 17 வினாடி

நம் ஊர்த் தெருக்களில் தண்ணீர் பிடித்து வைப்பார்களே, 200 லிட்டர் டிரம், ஏறக்குறைய அதே அளவில் மூன்று. ஒரு மண் அரங்கில் அவற்றை முக்கோணமாக நிறுத்துகிறார்கள். குதிரையில் வரும் பத்து வயதுச் சிறுமி மூன்றையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு, வந்த வாசலை நோக்கித் திரும்பப் பறக்க வேண்டும். அமெரிக்காவின் கௌபாய் விளையாட்டு விழாவான ரோடியோவில் பேரல் ரேஸிங் என்பது இவ்வளவுதான். மாடு கிடையாது, கயிறு கிடையாது, முதுகை உதறித் தூக்கியெறியும் காட்டுக்குதிரையும் கிடையாது. குதிரை, பிள்ளை, கடிகாரம்.

வேகப் பந்தயம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முறையான அளவில் முதல் இரண்டு டிரம்களுக்கு இடையே 90 அடி. அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி. தொடக்கக் கோட்டிலிருந்து முதல் இரண்டும் 60 அடி உள்ளே. நேர்கோடுகளை மட்டும் கூட்டினால் 425 அடி வரும். வளைவுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 150 மீட்டர். இந்த அளவு அரங்கில் நல்ல குதிரை 17 வினாடி வாக்கில் முடிக்கும். அப்படியென்றால் சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர்தான். ஸ்கூட்டியில் காய்கறி வாங்கப் போகிறவரின் வேகம்! ஓடுவதோ குவார்ட்டர் ஹார்ஸ் இனம். கால் மைல் தூரத்தில் மற்ற எந்த இனத்தையும் முந்தும் என்பதால் அந்தப் பெயர். நேராக ஓடவிட்டால் மணிக்கு 70, 80 கிலோமீட்டரைத் தொடக்கூடிய மிருகம்.

மிச்ச வேகமெல்லாம் திருப்பங்களில் போகிறது. போட்டியே அங்கேதான் நடக்கிறது.

டிரம்முக்குச் சில அடி முன்னாலேயே குதிரை வேகத்தை விழுங்க வேண்டும். பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்து, பின்பக்கத்தைத் தாழ்த்தி, ஏறக்குறைய உட்கார்ந்தே திரும்ப வேண்டும். இதை அவர்கள் ‘ரேட்’ என்கிறார்கள். ரேட் இல்லாத குதிரை டிரம்மைத் தாண்டி அகலமாகப் போய்விடும். அரை வினாடி மண்ணில் கரையும். இன்னொரு சொல் ‘பாக்கெட்’. டிரம்மை நெருங்கும்போது பக்கவாட்டில் விட்டுவைக்கும் இடைவெளி அது. குறுகலான முனையில் திரும்பவேண்டிய பேருந்து ஓட்டுநர் முதலில் எதிர்ப்பக்கம் ஒதுங்கி ‘வாங்கி’த் திருப்புவாரே, அதே வித்தைதான். உள்ளே நுழையும்போது தாராளம், வெளியேறும்போது நெருக்கம். நுழையும்போதே நெருக்கினால் குதிரையின் விலா டிரம்மை இடிக்கும்.

இதற்கிடையே கால் மாற்றம் வேறு. வலப்பக்கம் திரும்பும் குதிரைக்கு வலது முன்னங்கால் முந்த வேண்டும். இடப்பக்கம் என்றால் இடது. பெரும்பாலானவர்கள் முதல் டிரம்மை வலப்பக்கமாகவும் அடுத்த இரண்டை இடப்பக்கமாகவும் சுற்றுகிறார்கள். ஆகவே முதல் இரண்டுக்கும் நடுவிலுள்ள 90 அடிக்குள், பாய்ச்சலின் நடுவில், குதிரை கால் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாமல் போனால் இரண்டாவது டிரம்மில் தடுமாறுவது பார்வையாளர் மேடையின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

மேலே இருக்கும் பிள்ளைக்கும் கை நிறைய வேலை. நேராக ஓடும்போது இரண்டு கையிலும் லகான். டிரம் நெருங்கியதும் ஒரு கை சேணத்தின் முன்கொம்பைப் பற்றுகிறது. பற்றி இழுப்பதற்கில்லை, அதை அழுத்தித் தன்னைச் சேணத்தில் இருத்திக்கொள்வதற்கு. மற்றக் கை உள்பக்கத்து லகானைத் தூக்குகிறது. உள்பக்கத்துக் கால் குதிரையின் விலாவில் ஒட்டி, டிரம்மை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்கிறது. கண் மட்டும் டிரம்மைப் பார்க்கக் கூடாது, அடுத்துப் போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவது பெரும்பாலும் இதற்குத்தான். டிரம்மைப் பார்த்தால் உடம்பு டிரம் பக்கம் சாயும், உடம்பு சாய்ந்தால் குதிரையும் சாயும்.

சாய்ந்து இடித்து டிரம் விழுந்தால் 5 வினாடி தண்டம். ஒவ்வொரு டிரம்முக்கும் தனித்தனி. முதல் இடத்துக்கும் பத்தாவது இடத்துக்கும் இடையே சில நேரம் அரை வினாடிகூட இருக்காத விளையாட்டில் 5 வினாடி என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். சுற்றும் வரிசை தவறிவிட்டால் நேரமே எழுத மாட்டார்கள். ஆனால் டிரம் ஆடலாம். எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம், விழாமல் நின்றால் சரி. பல விதிகளில், ஆடும் டிரம்மைக் கையால் பிடித்து நிறுத்தவும் அனுமதி உண்டு. சிறார் போட்டிகளில் மிக அழகான காட்சி இதுதான் என்பேன். குதிரை ஏற்கெனவே அடுத்த டிரம்மை நோக்கித் தாவிவிட்டது. மேலே இருக்கும் பிள்ளை பாதி உடம்பைப் பின்னால் வளைத்து, சாயும் டிரம்மின் விளிம்பை விரல் நுனியால் தட்டி நிமிர்த்துகிறாள். அந்தத் தட்டலுக்கு மதிப்பு 5 வினாடி.

இதன் தங்கை ‘போல் பெண்டிங்’. ஆறடி உயரக் கம்பங்கள் ஆறு, ஒரே வரிசையில், 21 அடிக்கு ஒன்றாக. முதலில் கம்பங்களை ஒட்டி நேராகக் கடைசிவரை ஓட்டம். அங்கே திரும்பி, கம்பங்களுக்கு இடையே பாம்பு மாதிரி நெளிந்து முன்னால் வந்து, மறுபடி திரும்பி நெளிந்து உள்ளே போய், கடைசிக் கம்பத்தைச் சுற்றிவிட்டு நேராக வாசலுக்கு. கம்பம் விழுந்தால் இங்கேயும் 5 வினாடி. 20 வினாடியில் முடித்தால் நல்ல ஓட்டம். டிரம் ஓட்டத்தில் ஆற்றல் வேண்டும், இதில் தாளம் வேண்டும். நெளிவில் ஒவ்வொரு கம்பத்துக்கும் குதிரை கால் மாற்றுகிறது. ஒன்றில் தாளம் தப்பினால் அடுத்த கம்பத்தில் சரிசெய்ய நேரமில்லை; பிழை கம்பத்துக்குக் கம்பம் வளர்ந்து கடைசியில் ஒன்றைச் சாய்த்துவிட்டுத்தான் ஓயும். என்னைக் கேட்டால் குதிரையேற்றத்தைப் பார்க்க இதுதான் நல்ல போட்டி. கூட்டம் சேர்வதும் பரிசுப் பணம் குவிவதும் என்னவோ டிரம்முக்குத்தான்.

இன்னும் சிறிய பிள்ளைகளுக்கும் 1952-லிருந்து கொலராடோவில் வளர்ந்த ‘லிட்டில் பிரிட்சஸ்’ ரோடியோ இருக்கிறது. 5 வயதிலிருந்து 18 வரை. அதில் கொடியை எடுத்து நட்டுவிட்டு ஓடுவது உண்டு. ‘டிரெயில் கோர்ஸ்’ என்ற தடை ஓட்டமும் உண்டு. சேணத்தில் இருந்தபடியே கேட்டைத் திறந்து மூடுவது, கட்டைகளுக்கு நடுவே குதிரையைப் பின்னால் நடத்துவது என்று பண்ணையில் அன்றாடம் செய்கிற வேலைகளுக்குக் கடிகாரம் வைத்த மாதிரி. அவசரப்பட்டால் குதிரை கேட்டின் பக்கமே வராது.

சரி, டிரம்மைச் சுற்றும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? பெண்களை ஓரங்கட்டியதிலிருந்து வந்தது.

1920-களில் அமெரிக்க ரோடியோவில் பெண்கள் காட்டுக்குதிரையே ஏறினார்கள். 1929-ல் ஒரிகான் மாநிலத்தின் பென்டில்டன் ரோடியோவில் பானி மெக்கரோல் என்ற வீராங்கனை குதிரையோடு விழுந்து, பிறகு மருத்துவமனையில் இறந்தார். பென்டில்டன் பெண்களின் காட்டுக்குதிரைப் போட்டியை நிறுத்தியது. மற்ற ஊர்களிலும் அது தேய்ந்தது. ஆண்களும் அதே மாதிரி விழுந்து செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் போட்டியை யாரும் நிறுத்தவில்லை.

அப்புறம் 1931-ல் டெக்சஸின் ஸ்டாம்ஃபோர்ட் ஊரில் நடந்த கௌபாய் விழாவுக்குச் சுற்று வட்டார ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு இளம்பெண்ணை அனுப்பிவைத்தன. ‘ஸ்பான்சர் கேர்ள்’ என்று பெயர். ஊர்வலத்தில் வர வேண்டும், விழாவுக்குக் களை சேர்க்க வேண்டும், டிரம்களைச் சுற்றிக் குதிரையை ஓட்டிக் காட்ட வேண்டும். நடுவர்கள் மதிப்பெண் போட்டது குதிரையேற்றத்துக்கும் உடைக்கும் சேர்த்து. சட்டை எடுப்பாக இருக்கிறதா, பூட்ஸ் பொருந்துகிறதா என்பதும் கணக்கில் வந்தது. பேரல் ரேஸிங்கின் கொள்ளுப்பாட்டி இந்த அலங்கார அணிவகுப்புதான்.

1948-ல் டெக்சஸின் சான் ஆஞ்சலோவில் 38 பெண்கள் கூடி ‘கேர்ள்ஸ் ரோடியோ அசோசியேஷன்’ என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பெண்களுக்கான போட்டி, பெண்களே வகுக்கும் விதி, கேட்டுவாங்கும் பரிசுப்பணம் என்று இறங்கினார்கள். மூன்று இலை வடிவ ஓட்டப்பாதை நிலைத்தது. வெற்றியைக் கடிகாரம் தீர்மானிக்கும் என்பதும் நிலைத்தது. கடிகாரத்துக்குச் சட்டையின் நிறம் தெரியாது, யார் வீட்டுப் பெண் என்பதும் தெரியாது. முதலில் ஸ்டாப்வாட்ச் பிடித்த ஆட்கள், பிறகு கோட்டின் இரு பக்கமும் ஒளிக்கற்றை வைத்த மின்கண். குதிரையின் மூக்கு கற்றையை வெட்டும்போது எண் ஓடத் தொடங்கும், திரும்பி வந்து வெட்டும்போது நிற்கும். நடுவரோடு வாதாட அதிகம் மிச்சமில்லை. அந்தச் சங்கம்தான் 1981-ல் ‘விமன்ஸ் புரொஃபஷனல் ரோடியோ அசோசியேஷன்’ ஆனது. 1967-லேயே ஆண்களின் தேசிய இறுதிப் போட்டிக்குள் டிரம் ஓட்டம் நுழைந்துவிட்டது.

கடிகாரம் வயதையும் பார்க்காது. காட்டுக்குதிரை ஏறவோ கன்றைத் தூக்கிக் கட்டவோ தோள் பலம் வேண்டும். டிரம் ஓட்டத்தில் பலம் முழுவதும் குதிரையுடையது. லேசான உடம்பு சௌகரியம்கூட. 1968-ல் பெரியவர்களின் உலகப் பட்டத்தையே எடுத்தவர் ஓக்லஹோமாவின் ஆன் லூயிஸ். வயது 10. 1984-ல் நியூ மெக்சிகோவின் கிளேட்டன் ஊரைச் சேர்ந்த ஷார்மெய்ன் ஜேம்ஸ் 14 வயதில் முதல் உலகப் பட்டம் வென்றார். அதிலிருந்து 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டும் அவர்தான். குதிரையின் பெயர் ஸ்கேம்ப்பர். ஏறியவர்களை உதறித் தள்ளும் சண்டிக் குதிரை என்று பெயரெடுத்து, மாட்டுத் தீவனப் பண்ணையில் கிடந்ததை 1,100 டாலருக்கு வாங்கினார்கள்.

1985-ல் லாஸ் வேகஸில் நடந்த இறுதிப் போட்டியின் ஏழாவது சுற்றில் ஸ்கேம்ப்பரின் தலைக்கடிவாளம் கழன்றுவிட்டது. லகான் இருந்தும் இல்லாத நிலை. ஷார்மெய்னால் குதிரையை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. குதிரை தானாக மூன்று டிரம்மையும் சுற்றி முடித்தது. அந்தச் சுற்றில் முதலிடமும் அதற்குத்தான். இந்தக் கதையைச் சொல்லாத பேரல் ரேஸிங் குடும்பம் இருக்காது. அதில் ஒரு சங்கடமும் ஒளிந்திருக்கிறது. ஓட்டத்தில் குதிரையின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு? மின்கண் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும்.

பணமும் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. 1,100 டாலர் ஸ்கேம்ப்பர்கள் அபூர்வம். பழக்கி முடித்த, சிறு பிள்ளையைப் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவரும் குதிரைக்கு நல்ல காரின் விலை கேட்பார்கள், இன்னும் மேலேயும் கேட்பார்கள். அப்பா அம்மாவால் அந்த விலை கொடுக்க முடிந்த பிள்ளையும், பக்கத்துப் பண்ணையில் கிடைத்த கிழட்டுக் குதிரையோடு வரும் பிள்ளையும் ஒரே கோட்டிலிருந்து கிளம்புகிறார்கள்.

இதற்கு ஒரு கெட்டிக்கார வழியைக் கண்டுபிடித்தார்கள். 1992-ல் தொடங்கிய ‘நேஷனல் பேரல் ஹார்ஸ் அசோசியேஷன்’ பரவலாக்கிய பிரிவு முறை அது. அன்றைக்கு ஓடியவர்களில் மிக வேகமான நேரத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்கிறார்கள். அதிலிருந்து அரை வினாடிக்குள் வருபவர்கள் முதல் பிரிவு. அரை வினாடி தாண்டியவர்கள் இரண்டாவது, ஒரு வினாடி தாண்டியவர்கள் மூன்றாவது, இப்படிப் போகும். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியே பரிசு உண்டு. வேண்டுமென்றே மெதுவாக ஓடிக் கீழ்ப்பிரிவில் ஜெயிக்கலாமே என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அன்றைய மிக வேகமான நேரம் எது என்று கடைசிக் குதிரை ஓடி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. குறி எங்கே என்றே தெரியாமல் குறிவைப்பது எப்படி? ஆகவே எல்லோருக்கும் இருக்கும் ஒரே வழி, முடிந்தவரை நன்றாக ஓடுவது.

மண்ணின் கணக்கை மட்டும் எந்தப் பிரிவு முறையும் தீர்க்கவில்லை. ஐம்பது குதிரைகள் அதே மூன்று டிரம்மை அதே பாதையில் சுற்றினால் அங்கே பள்ளம் விழும். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை டிராக்டர் வந்து மண்ணைக் கிளறிச் சமன்படுத்திவிட்டுப் போகும். டிராக்டர் போனதும் ஓடுபவருக்குப் புது மண். அடுத்த டிராக்டருக்கு முன்னால் கடைசியாக ஓடுபவருக்குச் சறுக்கும் பள்ளம். சீட்டுக் குலுக்கலில் தன் எண் டிராக்டருக்கு முன்னாலா பின்னாலா என்பதைத்தான் பிள்ளைகள் முதலில் தேடுகிறார்கள். தோற்றவர் முதலில் பழி சொல்வதும் மண்ணைத்தான். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

குதிரைக்கு இதெல்லாம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் அரங்கைப் பார்க்க வேண்டாம். அரங்குக்குள் நுழையும் குறுகலான சந்தைப் பார்த்தால் போதும். மாதக்கணக்கில் ஒவ்வொரு வாரமும் ஓடிய குதிரைக்கு அந்தச் சந்தின் அர்த்தம் தெரியும். சில குதிரைகள் காதை விறைத்து, தாளம் போட்டுக்கொண்டு நிற்கும். விட்டால் போதும் என்று இருக்கும். சில உள்ளே வர மறுத்துப் பின்வாங்கும், முன்னங்கால் தூக்கி எழும்பும். அனுபவமுள்ளவர்கள் அங்கே சாட்டையை எடுக்க மாட்டார்கள். குதிரைக்கு எங்கே வலிக்கிறது என்று தேடுவார்கள். அல்லது பல வாரங்களுக்குப் போட்டியை நிறுத்திவிட்டு, அதே சந்தில் சும்மா நடத்திப் போய் வருவார்கள். எல்லா அப்பாக்களுக்கும் அந்தப் பொறுமை இருப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளை மேலே உட்கார்ந்திருக்க, கீழே பெரியவர்கள் இரண்டு பேர் கடிவாளத்தைப் பிடித்து உள்ளே இழுத்துவிடும் காட்சியையும் பார்க்க முடிகிறது. சிறார் சங்கங்கள் பலவற்றில் குதிரையை அளவுக்கு மீறி அடித்தால் தகுதிநீக்கம் செய்யும் விதி உண்டு. இந்த இழுபறிக்குத் தண்டம் போட ஆளில்லை.

பள்ளிக்கூட ரோடியோவில் இன்னொரு விசித்திரம். 1949-ல் டெக்சஸின் ஹாலெட்ஸ்வில்லில் முதல் தேசிய இறுதியை நடத்திய உயர்நிலைப் பள்ளி ரோடியோ சங்கம் இன்று அமெரிக்காவைத் தாண்டி கனடா, ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. படிப்பில் தேறாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அதில் டிரம்மும் கம்பமும் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். பையன்கள் காட்டுக்குதிரைக்கும் காளைக்கும் போகிறார்கள். லிட்டில் பிரிட்சஸில் 5 வயதிலிருந்து 7 வரை இருபாலரும் சேர்ந்தே டிரம் சுற்றுகிறார்கள். எட்டு வயதில் பிரிகிறார்கள். 1948-ல் அந்த 38 பெண்கள் தங்களுக்கென்று பிடித்துவைத்த இடம் என்று இதற்கு நியாயம் சொல்லலாம். ஸ்டாம்ஃபோர்ட் அணிவகுப்பின் வாசனை இன்னும் போகவில்லை என்றும் சொல்லலாம். எனக்கு முதலாவதில் பாதி சம்மதம்.

தொப்பி விவகாரமும் அந்த வாசனைதான். கௌபாய் தொப்பிதான் மரபு, பல இடங்களில் உடை விதியே அது. 1995-ல் 13 வயதில் பெரியவர்களின் தேசிய இறுதிக்குத் தகுதிபெற்ற ஃபாலன் டெய்லர் 2009-ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முள்ளெலும்பை உடைத்துக்கொண்டார். திரும்பி வந்தவர் 2014-ல் உலகப் பட்டம் வென்றபோது தலையில் இருந்தது ஹெல்மெட். அதை அணிவதற்காகக் கேலியும் கேட்டவர். சிறு பிள்ளைகளின் தலையில் ஹெல்மெட் இன்று சாதாரணமாகத் தெரிவதில் அவருக்கும் பங்கு உண்டு.

ஆனால் இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய ஆபத்து அரங்கில் இல்லை, சாலையில் இருக்கிறது. 17 வினாடி ஓட்டத்துக்காக டிரக்கின் பின்னால் குதிரை டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் ஓட்டுவார்கள். ஞாயிறு இரவு திரும்பிவந்து, திங்கள் காலை பள்ளிக்கூடம். பத்து வயதில் பட்டம் பெற்ற ஆன் லூயிஸ் அதைக் கையில் வாங்கவில்லை. 1968 இறுதிப் போட்டிக்குச் சற்று முன் கார் விபத்தில் இறந்துபோனார். பட்டம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

2009-ல் லிட்டில் பிரிட்சஸின் ஒட்டுமொத்த வீராங்கனைப் பட்டம் பெற்ற ஆம்பர்லி ஸ்னைடர் 2010 ஜனவரியில் வயோமிங் நெடுஞ்சாலையில் தனியாக டிரக் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தார். வழியில் பெட்ரோல் போட நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பியபோது சீட் பெல்ட் போடவில்லை. டிரக் உருண்டு வெளியே தூக்கியெறியப்பட்டார். வயது 18. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. பிறகு மறுபடி குதிரை ஏறினார். டிரம்மை விட்டுத் தள்ளி நில் என்று சொல்லும் அந்த உள்பக்கத்துக் கால் இப்போது அவருக்கு இல்லை. விலாவில் அழுத்திச் சொன்னதையெல்லாம் குரலாலும் கையாலும் சொல்லக் குதிரைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2015-ல் ரசிகர்களின் வாக்கில் இடம்பெற்று டெக்சஸின் ‘தி அமெரிக்கன்’ ரோடியோவில் தொழில்முறை வீராங்கனைகளோடு ஓடினார். கால்களைச் சேணத்தோடு பட்டையால் பிணைத்து, இடுப்பில் ஒரு சீட் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டு.